வீட்டிலேயே செய்யும் சைக்கிள் கருவிகள்: எதைச் செய்யலாம், எதை வாங்கித்தான் ஆக வேண்டும்?

கிரீஸ்கை:

வணக்கம் நண்பர்களே. சைக்கிள் வேலையை இனி நானே பார்த்துக்கொள்வது என்று இறங்கியிருக்கிறேன். வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்று பழைய இரும்பு வண்டி, கியர் கிடையாது, கிராங்கில் (பெடல் மாட்டும் கையில்) காட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு. இன்னொன்று பின்னால் 9 கியர் கேசட் (பல்சக்கர அடுக்கு), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி.

கையில் இருப்பவை: ஆலன் கீ செட், சாதாரண ஸ்பேனர்கள், குறடு, சுத்தியல், ஹேக்சா, இரண்டு மூன்று அரம், டிரில், ஒரு வைஸ். வெல்டிங் இல்லை, லேத் இல்லை.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கருவி கேட்கிறது. ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) மாற்ற ஒரு பிரஸ், கேசட் கழற்ற செயின் விப், வீல் கோட்டம் எடுக்க ஒரு ஸ்டாண்டு. எப்போதாவது ஒரு முறை தொடுகிற சாமானுக்கு வண்டி விலையில் பாதியைக் கொட்டுவதா என்று யோசிக்கிறேன். இதில் எதையெல்லாம் வீட்டில் செய்துகொள்ளலாம்? செய்து பயன்படுத்தியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். சும்மா படம் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள்!

மரைக்கம்பி:

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். அழுத்துகிற, தாங்குகிற, அளக்கிற கருவிகளைத் தாராளமாகச் செய்யலாம். சின்னப் பல்லையோ சதுரத்தையோ கவ்விக்கொண்டு முழு பலத்தோடு திருகுகிற கருவிகளை வாங்கிவிடுங்கள்.

காரணம் எளிது. அழுத்தும் கருவிக்கு வேண்டியது தட்டையான இரண்டு முகங்கள், நேரான ஒரு இழுப்பு. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வேலை நடக்கும். கவ்வும் கருவி அப்படியல்ல. நிப்பிள் கீயை, அதாவது ஸ்போக் முனையில் இருக்கும் சின்ன நட்டைத் திருகும் சாவியை, எடுத்துக்கொள்ளுங்கள். 3.23 மிமீ, 3.30 மிமீ, 3.45 மிமீ என்று அளவுகள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மிமீயில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அரத்தால் ராவி அந்த அளவைப் பிடிப்பது நடக்காத காரியம். வழுக்கினால் மழுங்குவது கருவி இல்லை, வண்டியில் இருக்கும் நிப்பிள்.

அதனால் நிப்பிள் கீ, கேசட் லாக்ரிங் (கேசட்டைப் பிடித்து நிறுத்தும் வளையம்) கழற்றும் கருவி, ஃப்ரீவீல் கழற்றும் கருவி, காட்டர் இல்லாத சதுர முனை கிராங்குக்கான இழுப்பான் இந்த நான்கையும் வாங்குங்கள். கிராங்க் இழுப்பான் கிராங்கில் இருக்கும் 22 மிமீ விட்டமுள்ள மெல்லிய மரையில் ஏறி உட்கார வேண்டும். அலுமினிய மரை. ஒரு முறை உரிந்தால் கிராங்கையே தூக்கிப் போட வேண்டியதுதான். கிராங்க் போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஓட்டினால் தானே கழன்று வரும் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். கழன்று வரும், ஆனால் சதுர ஓட்டை வட்டமாகி வரும்.

இனி செய்யக்கூடியது. முதலில் ஹெட்செட் பிரஸ். எம்12 அல்லது அதைவிடத் தடிமனான மரைத்தண்டு, ஒரு அடி நீளம் போதும். இரண்டு நட், பெரிய வாஷர்கள் கொஞ்சம். கவனிக்க வேண்டியது வாஷரின் தடிமன்தான். மெல்லிய வாஷரைப் போட்டால் இறுக்க இறுக்க அது நடுவில் குழிந்து, கப்பின் (ஃபிரேமின் முன்குழாயான ஹெட் டியூப்பின் இரு முனையிலும் ஏறும் ஹெட்செட் கிண்ணத்தின்) விளிம்பில் மட்டும் அழுத்தம் விழும். அப்போது கப் சாய்ந்து ஏறும். 4, 5 மிமீ தடிமன் உள்ள வாஷரை அடியில் வையுங்கள், அதன் மேல் சின்ன வாஷர்களை அடுக்குங்கள், நட்டுக்கும் வாஷருக்கும் நடுவில் கிரீஸ் பூசுங்கள். பழைய திரஸ்ட் பேரிங் கிடைத்தால் அதை அங்கே வைத்தால் பாதி பலம்தான் தேவைப்படும்.

இரண்டு கப்பையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. நட்டை அரைச் சுற்று திருகியதும் நான்கு பக்கமும் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் இடைவெளி கூடுதலாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, வெளியே தட்டி எடுத்து மறுபடி தொடங்குங்கள். சாய்ந்த கப்பைப் பலம் போட்டு நேராக்கப் பார்த்தால் ஹெட் டியூப் விரியும்.

சங்கிலிக்கண்ணி:

மரைக்கம்பி அண்ணா சொன்ன பிரஸ்ஸை அப்படியே ஆமோதிக்கிறேன். கப்பைக் கழற்றவும் ஒரு வழி இருக்கிறது. ஹெட் டியூப்புக்குள் தாராளமாக நுழையும் இரும்புக் குழாய் ஒன்று, நீளம் முக்கால் முழம். ஒரு முனையில் ஹேக்சாவால் கூட்டல் குறி போல இரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் சுமார் 15 செமீ ஆழம். நான்கு விரல்கள் கிடைக்கும். அந்த விரல்களை வெளிப்பக்கமாக விரித்து வையுங்கள். வெட்டாத முனையை ஒரு பக்கத்திலிருந்து நுழைத்து இழுத்தால், விரல்கள் கப்புக்குப் பின்னால் வந்ததும் 'டக்'கென்று விரியும். அந்தச் சத்தம் கேட்டதும் மறுமுனையில் சுத்தியல். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு ஓரமாகத் தட்டுவதைவிட எவ்வளவோ மேல். கப் நேராக வெளியே வரும்.

ஃபோர்க்கின் அடியில் இருக்கும் கிரவுன் ரேஸை (கீழ் பேரிங் உட்காரும் வளையத்தை) ஏற்றவும் குழாய்தான். இன்றைய ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் தண்டு மேலே 28.6 மிமீ. அதற்கு மேல் தளர்வாக நுழையும் குழாயாகப் பாருங்கள். கீழே வரவர அகலமாகும் தண்டு என்றால் அடிப்பக்க அளவுக்குத் தகுந்த குழாய் வேண்டும். முனையை அரத்தால் சரியாகத் தட்டையாக்க வேண்டும், இதில் மட்டும் சோம்பல் கூடாது. பழைய ரேஸ் இருந்தால் நடுவில் தலைகீழாக வைத்துத் தட்டுங்கள், புதுசில் கீறல் விழாது.

இரட்டைமிதி:

மரைக்கம்பியின் பிரிவினை எனக்குச் சரியாகப் படவில்லை. செயின் விப்பும் பல்லைப் பிடித்துத் திருகும் கருவிதானே? அதை எல்லோரும் வீட்டில் செய்கிறார்களே?

மரைக்கம்பி:

நியாயமான கேள்வி. ஆனால் செயின் விப் திருகுவதில்லை, தாங்குகிறது. கேசட் பின்னால் சுற்றாமல் பிடித்து நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. திருகுவது லாக்ரிங் கழற்றும் கருவி. அதோடு, பிடிப்பதும் செயின், அந்தப் பற்களுக்கென்றே பிறந்த பொருள். அளவு தானே பொருந்திவிடுகிறது.

இரட்டைமிதி:

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் என் செயின் விப் விவரம் இதோ.

3 மிமீ தடிமன், 25 மிமீ அகலம், ஒன்றேகால் அடி நீளத்தில் ஒரு இரும்புப் பட்டை. முனையில் ஒரு 4 மிமீ துளை, அதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இன்னொன்று. முனைத் துளையில் ஒரு அடி நீளச் செயின். இரண்டாவது துளையில் இரண்டு மூன்று கண்ணி உள்ள சின்னத் துண்டு. செயினின் வெளித்தகடுகள் பட்டையின் இரு பக்கமும் வர வேண்டும். பட்டையின் ஓரம் தகடுகளுக்கு நடுவே நுழைய மறுத்தால் அரத்தால் கொஞ்சம் ராவுங்கள். செயினின் சொந்தப் பின்னையே திரும்ப ஏற்றினால் போதும், நட்டு போல்ட்டு தேவையில்லை. பின்னை வெளியே தள்ளும்போது முழுவதுமாகத் தள்ளிவிடாமல் ஒரு தகட்டில் தொங்கவிடுங்கள். முழுக்க வெளியே வந்துவிட்டால் மறுபடி நுழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முக்கியம்: அந்த கேசட்டில் ஓடிய பழைய செயினையே பயன்படுத்துங்கள். கியர் இல்லாத வண்டியின் தடித்த செயினை 9 கியர் கேசட்டில் போட்டால் பக்கத்துப் பல்சக்கரத்தில் இடித்துக்கொண்டு பல்லில் உட்காராது.

பட்டைக்கே மெனக்கெட வேண்டாம் என்றால், செயினைப் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றிப் போட்டு, மறுமுனையை வைஸில் கடிக்கவிட்டாலும் நடக்கும்.

கிரீஸ்கை:

அருமை. எழுதி வைத்துக்கொண்டேன். வீல் கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டு? மரத்தில் செய்யலாமா?

சுதிசேர்:

மரத்தில் செய்யலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் வண்டியே ஒரு ஸ்டாண்டுதான். டயரைக் கழற்றிவிட்டு வீலை வண்டியிலேயே மாட்டுங்கள். ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஆளுக்கொரு கேபிள் டை இறுக்கி, வால் ரிம்மைத் தொடுவதற்கு மயிரிழை முன்னால் நிற்கும்படி வெட்டுங்கள். வீலைச் சுற்றினால் கோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் 'சர்ர்' என்று உரசும். கண்ணைவிடக் காது இதில் நம்பகமானது.

ரிம் இடது பக்கம் தள்ளியிருந்தால் அந்த இடத்தில் வலது ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்கி, இடதைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரே இடத்தில் முழுச் சுற்று திருகினால் பக்கத்தில் புதுக் கோட்டம் கிளம்பும்.

நடு பார்ப்பதற்கும் கருவி தேவையில்லை. வலது கேபிள் டை ரிம்மைத் தொடும்படி வைத்துவிட்டு, வீலை எடுத்து இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். அதே கேபிள் டைக்கும் ரிம்முக்கும் இப்போது 2 மிமீ இடைவெளி தெரிந்தால், ரிம் நடுவிலிருந்து 1 மிமீ விலகியிருக்கிறது என்று அர்த்தம். பாதியைத்தான் நகர்த்த வேண்டும், முழுவதையும் அல்ல. டிஸ்க் உள்ள வீல் இப்படித் திரும்பி உட்காராது, அதற்கு அட்டை அளவுகோல்தான் வழி. ரிம்மின் இரு ஓரத்தையும் தொடும் நீள அட்டை, நடுவில் ஆக்ஸிலின் லாக்நட் முகத்தைத் தொடும் ஒரு காகிதத் துண்டு. ஒரு பக்கம் அளந்து குறித்து, மறு பக்கம் வைத்துப் பாருங்கள்.

ஸ்போக் இழுவிசை பார்க்கும் மீட்டருக்குப் பதில் சுதி. ஒரே பக்கத்து ஸ்போக்குகளை நகத்தால் சுண்டிக்கொண்டே போங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும். ஒரு அரைச்சுரம் தாழ்ந்திருந்தால் அந்தக் கம்பியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைவு என்று கணக்கு. நீளமும் தடிமனும் ஒன்றாக இருக்கும்வரை இது பொருந்தும். கேசட் உள்ள பின் வீலில் வலது பக்கம் எப்போதும் உச்சத்தில் ஒலிக்கும், இடது பக்கம் தாழ்ந்து ஒலிக்கும். அது கோளாறில்லை, அமைப்பே அப்படி. இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள்.

பழங்கம்பி:

ஸ்போக் என்று சொன்னதும் வந்துவிட்டேன். 😄 முறிந்த ஸ்போக்கைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாது. 2 மிமீ ஸ்டெயின்லெஸ் கம்பி, வளைத்தால் வளையும், விட்டால் அப்படியே நிற்கும்.

இரண்டு முனையையும் கொக்கியாக வளைத்தால் செயின் கொக்கி. செயினின் இரு முனைகளையும் அது பிடித்துக்கொள்ளும், பின் ஏற்ற இரண்டு கையும் உங்களுக்கு மிச்சம். முனையைக் கூராக்கினால், ஹேக்சாவால் வெட்டிய பிரேக் அவுட்டரின் (கேபிள் உறையின்) உள்குழல் நசுங்கியிருக்குமே, அதைத் திறக்கும் ஊசி. நிப்பிளையும் விடாதீர்கள். கேபிள் முனை பிரியாமல் இருக்க, நிப்பிளை நுழைத்துக் குறடால் நசுக்கினால் வாங்கும் தொப்பியைவிடக் கெட்டியாக நிற்கும்.

இரட்டைச் சுவர் ரிம்மில் வீல் கட்டும்போது நிப்பிள் உள்ளே விழுந்து கடகடவென்று ஆடிக்கொண்டு உயிரை வாங்கும். ஒரு ஸ்போக்கின் மரை முனையை நிப்பிளின் தலைப்பக்கமாக இரண்டு சுற்று திருகி, அதைக் கைப்பிடியாக வைத்து இறக்குங்கள்.

இரட்டைமிதி:

நிப்பிள் டிரைவரை விட்டுவிட்டீர்களே. பழைய தட்டை ஸ்க்ரூ டிரைவர் பிட் ஒன்றை எடுத்து, இரண்டு ஓரத்தையும் ராவி, நடுவில் 2, 3 மிமீ நீளத்துக்கு ஒரு மூக்கை மட்டும் விடுங்கள். அதை நிப்பிளின் தலையில் வைத்துத் திருகினால், ஸ்போக்கின் முனை உள்ளேயிருந்து வந்து மூக்கை முட்டும். உடனே பிட் வெட்டைவிட்டு எழும்பி சும்மா சுற்றும். அதாவது எல்லா ஸ்போக்கும் ஒரே ஆழத்தில் தானாக நின்றுவிடுகிறது. வீல் கட்டுவதில் பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது.

காற்றாடி:

டயர் லீவருக்கு ஸ்பூன் காம்பு போதும். இதற்கெல்லாம் யாராவது காசு கொடுப்பார்களா?

சங்கிலிக்கண்ணி:

ஸ்பூன் காம்பின் விளிம்பு டியூபைக் கடிக்கும் நண்பரே. பஞ்சர் ஒட்டப் போய்ப் புதுப் பஞ்சர். விளிம்பை அரத்தால் ராவி, உப்புத்தாளால் வழவழப்பாக்கிவிட்டுப் பயன்படுத்தினால் இரும்பு ரிம்முக்குப் பரவாயில்லை. அலுமினிய ரிம்மில் தழும்பு விழும், கார்பன் ரிம் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கெட்டியான பழைய டூத் பிரஷ் காம்பு இதைவிட நல்லது, முனையைச் சரிவாக ராவினால் போதும்.

காற்றாடி:

சரி, அதை விடுங்கள். டியூப்லெஸ் டயரை உட்கார வைக்க ஒரு யோசனை. பெரிய குளிர்பான பாட்டிலில் காற்றை நிரப்பி, ஒரே அடியாக டயருக்குள் திறந்துவிடுவது. மூடியில் இரண்டு வால்வு, நடுவில் ஒரு ஹோஸ். கம்பிரஸரே தேவையில்லை. எத்தனையோ பேர் செய்கிறார்கள்.

மரைக்கம்பி:

எத்தனையோ பேர் செய்கிறார்கள், உண்மை. நான் செய்ய மாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

குளிர்பான பாட்டில் அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டதுதான். ஆனால் அது முழு பாட்டிலுக்கு, கீறாத பாட்டிலுக்கு, துளை போடாத மூடிக்கு. நீங்கள் மூடியைத் துளைத்து வால்வு மாட்டியதும் கணக்கு மாறிவிடுகிறது. அதிலும் உள்ளே இருப்பது திரவம் இல்லை, அழுத்தப்பட்ட காற்று. திரவம் கசிந்தால் அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று வெடித்தால் மூடியும் வால்வும் தோட்டாவாகக் கிளம்பும். குனிந்து வேலை செய்கிற இடத்தில் முகம்தான் முன்னால் இருக்கும்.

காற்றாடி:

துணிப்பையில் சுற்றி வைத்துக்கொண்டால்?

மரைக்கம்பி:

துணிப்பை தேவைப்படுகிறது என்றாலே பதில் தெரிந்துவிட்டதே!

வேறு வழி இருக்கிறது. முதலில் சாதாரண டியூபைப் போட்டு டயரை முழுக் காற்றில் உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் 'டப்' என்று ஏறியதும் காற்றை இறக்கி, ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டியூபை உருவிவிடுங்கள். மறு பக்கம் உட்கார்ந்தபடியே இருக்கும். இப்போது டியூப்லெஸ் வால்வை மாட்டி, வால்வின் உட்கருவைக் கழற்றி, கழற்றிய ஓரத்தில் சோப்புத் தண்ணீர் பூசி, சாதாரணத் தரை பம்பால் விறுவிறுவென்று அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏற வேண்டியிருப்பதால் பெரும்பாலும் ஏறிவிடும். ஏறவில்லை என்றால் ரிம் டேப்பைப் பாருங்கள், காற்று அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

கிரீஸ்கை:

பாட்டில் யோசனை என் மனதிலும் இருந்தது, எடுத்துவிட்டேன். அடுத்த சந்தேகம். கியர் வண்டி ஒரு முறை வலது பக்கமாக விழுந்தது, அதிலிருந்து கியர் சரியாக விழ மாட்டேன் என்கிறது. ஹேங்கர் (கியர் மாற்றும் டிரெய்லியர் தொங்கும் துண்டு) வளைந்திருக்கலாம் என்றார்கள். அதை நிமிர்த்தும் அளவுகோலை எப்படிச் செய்வது?

பழங்கம்பி:

இதற்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. இன்னொரு பின் வீல் கிடைக்குமா?

டிரெய்லியர் மாட்டும் ஹேங்கரின் துளை எம்10, மரையின் இடைவெளி 1 மிமீ. குயிக் ரிலீஸ் உள்ள பின் வீல் ஆக்ஸில்களில் பெரும்பாலானவையும் அதே எம்10, அதே 1 மிமீ. ஆக, டிரெய்லியரைக் கழற்றிவிட்டு, அந்த இன்னொரு வீலின் இடது பக்க ஆக்ஸில் முனையை ஹேங்கருக்குள் நேராகத் திருகலாம். வண்டியின் பின் வீலுக்குப் பக்கத்தில் இன்னொரு வீல் இணையாக நிற்கும்.

இப்போது இரண்டு ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேல், கீழ், முன், பின் என்று நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் ஹேங்கர் நேர். வித்தியாசம் இருந்தால் வெளி வீலையே பிடித்து மெல்ல வளைத்து நேராக்கலாம். ரிம் பெரியது என்பதால் ஹேங்கரின் சின்ன வளைவும் அங்கே பெரிதாகத் தெரியும். கடைசியில் 2, 3 மிமீ வித்தியாசம் வரை இருந்தால் விட்டுவிடலாம்.

இரட்டைமிதி:

இரண்டு எச்சரிக்கை. ஆக்ஸில் முனை குறைந்தது நான்கைந்து மரையாவது ஏற வேண்டும். லாக்நட்டுக்கு வெளியே அவ்வளவு நீளம் இல்லாத ஆக்ஸில் என்றால் பலம் போடாதீர்கள். முதல் சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள், கோணலாக ஏறினால் ஹேங்கரின் மரை போய்விடும். அப்புறம், அலுமினிய ஹேங்கரை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் முறியும். ஒரே திசையில், கொஞ்சம் கொஞ்சமாக. ஏற்கெனவே விரிசல் தெரிந்தால் நிமிர்த்தவே வேண்டாம், கழற்றி மாற்றக்கூடிய ஹேங்கர்தானே, புதுசு மாட்டுங்கள்.

சுதிசேர்:

அளக்கும் கருவிகள் பற்றிப் பேச்சு வந்ததால் டார்க் ஸ்பேனர். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருந்தால் போதும். முறுக்கம் என்பது விசையைக் கைப்பிடி நீளத்தால் பெருக்கினால் வருவது. ஸ்டெம் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தால், போல்ட்டின் மையத்திலிருந்து 20 செமீ தள்ளித் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். தராசு சுமார் இரண்டரைக் கிலோ காட்டும்போது 5 நியூட்டன் மீட்டர். கேசட் லாக்ரிங்குக்கு 40 வேண்டும் என்றால், 25 செமீ கைப்பிடியில் சுமார் 16 கிலோ. இழுப்பு கைப்பிடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்தால் கணக்கு தப்பும். போல்ட் முனையும் கைப்பிடியும் ஒரே தளத்தில் இருக்கும்படி பாருங்கள்.

கார்பன் ஹேண்டில்பார் இருக்கும் வண்டிக்கு இதைச் சொல்ல மாட்டேன், அதற்குச் சரியான டார்க் ஸ்பேனரே வாங்குங்கள். மற்றதற்குக் கைக்கணக்கைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சங்கிலிக்கண்ணி:

செயின் தேய்மானம் அளக்கவும் எதுவும் வாங்காதீர்கள். ஓர் அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும், அதாவது அங்குலம் குறித்த ஸ்கேல். செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம், 12.7 மிமீ. புதுச் செயினில் 24 இடைவெளி சரியாக 12 அங்குலம். செயினை இறுக்கமாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். 24ஆவது பின் 12 அங்குலக் கோட்டிலிருந்து 1/16 அங்குலம் தாண்டினால் அரை சதவீதத் தேய்மானம். 9 கியர் வண்டியில் மாற்ற வேண்டிய நேரம் நெருங்குகிறது. 1/8 தாண்டினால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டால் நழுவும். கடையில் விற்கும் அளவுகோல்களில் பல ரோலரின் தளர்ச்சியையும் சேர்த்து அளக்கின்றன. ஸ்கேல் பின்னை மட்டும் பார்க்கிறது.

கிரீஸ்கை:

பழைய வண்டிக்கு வருகிறேன். காட்டர் பின் அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

மரைக்கம்பி:

உங்களிடம் வைஸ் இருக்கிறதல்லவா, அதுவே காட்டர் பிரஸ். அது ஃபிரேமில் எட்டவில்லை என்றால் கனமான ஜி கிளாம்ப். மெல்லிய கிளாம்ப் வளையும், எடுக்காதீர்கள். காட்டரின் தடித்த பக்கம், அதாவது மரை இல்லாத பக்கம், வெளியே வருவதற்கு இடம் விட்டு ஒரு பெரிய நட்டையோ குட்டைக் குழாய்த் துண்டையோ கிராங்கின் மேல் வையுங்கள். கிளாம்பின் ஒரு தாடை அதன் மேல், இன்னொரு தாடை காட்டரின் மரை முனையில். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இறுக்கிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், பிறகு கிராங்கின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுங்கள். பெரும்பாலும் 'டிக்' என்று விடும்.

அடிக்கத்தான் வேண்டும் என்றால், கிராங்குக்கு அடியில் தரையில் நிற்கும்படி ஒரு கெட்டியான குழாயை முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் கிராங்க் அச்சின் பால்ஸ் மேல் இறங்கி, கப்பில் வரிசையாகக் குழி விழும். காட்டரின் நட்டை மரை முனையோடு சமமாக இருக்கும்படி விட்டு வைத்து அடியுங்கள், மரை பிழைக்கும். பத்துச் சின்ன அடியைவிட ஒரு கனமான அடி நல்லது. சின்ன அடிகள் காட்டரின் முனையை நசுக்கி இன்னும் இறுக்கும்.

திரும்ப மாட்டும்போது இரண்டு காட்டரும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். இல்லையென்றால் பெடல்கள் ஒரே நேர்கோட்டில் வராது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி இறுக்குங்கள்.

பழங்கம்பி:

பழைய வண்டி என்றால் ஹப் கோன் (வீல் நடுவில் பால்ஸைப் பிடிக்கும் கூம்பு நட்) சரிசெய்ய மெல்லிய ஸ்பேனரும் வேண்டியிருக்கும். 13 மிமீ, 15 மிமீ சாதாரண ஸ்பேனரைச் சாணை பிடித்து 2 மிமீ தடிமனுக்குக் கொண்டுவந்தால் ஆயிற்று. சாணையில் சூடேற விடாதீர்கள். கையால் தொட முடியாத சூடு வரும் முன் தண்ணீரில் முக்குங்கள். ஓரம் நீலமாக மாறினால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது, அடுத்த திருகலில் வாய் விரியும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள், கண்ணாடி இல்லாமல் சாணைப் பக்கம் போகாதீர்கள்.

(மரைக்கம்பியின் விதிப்படி இது கவ்வும் கருவி. ஆனால் வாயின் அளவை நாம் தொடவே இல்லை, தடிமனை மட்டும் குறைத்தோம். அதனால் மன்னிப்பார் என்று நினைக்கிறேன்.)

மரைக்கம்பி:

மன்னித்தேன். 😄

இரட்டைமிதி:

டிஸ்க் பிரேக்குக்கு ஒரு வரி. எண்ணெய் மாற்ற ஊசி போடும் சிரிஞ்சும் மெல்லிய குழலும் போதும், பேடுக்குப் பதில் உள்ளே வைக்கச் சுமார் 10 மிமீ மரக்கட்டை. ஆனால் மினரல் ஆயில் பிரேக்கும் டாட் திரவ பிரேக்கும் வேறு வேறு. ஒன்றுக்குத் தொட்ட சிரிஞ்சை இன்னொன்றுக்குத் தொடாதீர்கள், ரப்பர் சீல்கள் வீங்கிக் கெட்டுவிடும். சிரிஞ்சிலேயே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். வண்டியை உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் தொங்கவிட்டால் ஸ்டாண்டும் ஆயிற்று, தலைகீழாகக் கவிழ்த்து லீவருக்குள் இருக்கும் காற்றைக் குழாய்க்குள் ஏற்றும் தொல்லையும் இல்லை.

கிரீஸ்கை:

காட்டர் இரண்டும் வந்துவிட்டன! எண்ணெய் விட்டு, வைஸில் ஒரு நட்டை வைத்து இறுக்கினேன். கிராங்க் அச்சின் இடது கப், ஆக்ஸில், பால்ஸ் எல்லாம் வெளியே. வலது பக்கம் இருக்கும் நிலையான கப் மட்டும் அசைய மறுக்கிறது. மெல்லிய விளிம்பு, ஸ்பேனர் நிற்காமல் வழுக்குகிறது. இதற்கும் வழி உண்டா?

மரைக்கம்பி:

உண்டு. சைக்கிள் தொழில்நுட்பம் எழுதியே பெயர் பெற்ற ஷெல்டன் பிரவுன் இதை விளக்கியிருக்கிறார். ஒரு தடித்த போல்ட், நட், வாஷர்கள் போதும். 

கப்பின் ஓட்டையில் நுழையும் அளவில் தடித்த போல்ட். தலைப்பக்கம் ஓட்டையைவிடப் பெரிய வாஷர், ஒரு ஸ்ப்ரிங் வாஷர். போல்ட்டை வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். இடது பக்கத்திலிருந்து கைவிட்டு, உட்பக்கம் இன்னொரு வாஷர், நட். அந்த உள் வாஷர் பால்ஸ் ஓடும் தடத்தில் உட்காராமல், ஓட்டையின் உதட்டில் மட்டும் உட்காரும் அளவாகப் பாருங்கள்.

நட்டை நீள சாக்கெட்டால் இடது பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு, வலது பக்கத்தில் போல்ட் தலையை இறுக்குங்கள். நன்றாக இறுகியதும் நட்டை விட்டுவிட்டு, தலையை மட்டும் தொடர்ந்து இறுக்கும் திசையிலேயே திருகுங்கள். ஆங்கிலேய மரை உள்ள வண்டியில் வலது கப் இடது மரை. அதாவது வலது பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத் திசையில்தான் கழலும். நீங்கள் போல்ட்டை இறுக்குவதும் அதே திசை. ஆகவே போல்ட் வழுக்கினாலும் இன்னும் இறுகிக் கப்பைக் கூடுதலாகப் பிடிக்கும், தளராது.

இத்தாலிய மரை என்றால் வலது பக்கமும் சாதாரண மரைதான், கழலும் திசை எதிர்த்திசை. அப்போது போல்ட் தலையை உள்ளே வைத்து, இடது பக்கத்திலிருந்து சாக்கெட்டால் இறுக்க வேண்டும். உங்களுடையது சாதாரண இரும்பு வண்டி என்பதால் பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். கப்பின் முகத்தில் 1.37 என்றும் 24 என்றும் குத்தியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கைப்பிடிக்கு ஒரு நீளக் குழாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிரேமை யாராவது பிடித்துக்கொண்டால் நல்லது. கப் நகர ஆரம்பித்ததும் போல்ட்டைத் தளர்த்தாதீர்கள், அப்படியே கடைசி மரை வரை சுற்றி எடுத்துவிட்டு, வெளியே வைஸில் வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ்கை:

1.37 × 24 என்று இருக்கிறது. எம்16 போல்ட் தேடி எடுத்துவிட்டேன், ஓட்டையில் நுழைகிறது. உதட்டில் உட்காரும் வாஷர் மட்டும் கிடைக்கவில்லை, பெரிய வாஷர் ஒன்றை ராவிக்கொண்டிருக்கிறேன்.